வியர்க்காத வெயில், அத்தையின் முழங்கால், அப்பாவின் ஆறு

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். வருகிற ஜூனில் எங்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறான். அப்பாவுக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 69, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருக்கிறார். 77 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். விசா எல்லோருக்கும் வந்துவிட்டது. தம்பி ஆறு நாள் கார் பயணம் ஒன்று போட்டு வைத்திருக்கிறான்: கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கு, மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யன், ஸையன் பூங்கா, லாஸ் வேகாஸ், திரும்ப ஃபீனிக்ஸ். அப்பா, "பள்ளத்தாக்குல இறங்கி அந்த ஆத்துல கால் நனைக்காம வரமாட்டேன்" என்கிறார். அத்தை, "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அம்மா எதுவும் சொல்லவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு எப்படித் திட்டமிடுவது?
— வாசகி, எஸ்.எஸ். காலனி, மதுரை

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தம்பியின் திட்டம்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவைதான் "அம்மா எதுவும் சொல்லவில்லை" என்ற வரி உறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் மதுரையில் இருந்துகொண்டு இருபது வருஷத்துக்கு மேலாகப் பெரியவர்களுக்குப் பயண ஏற்பாடு செய்கிறவன். காசிக்கும் கயாவுக்கும் போகிறவர்களில் தொடங்கி, இப்போது பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் வரை வந்திருக்கிறது. டாக்டர் இல்லை. மருந்து, மாத்திரை பற்றி நான் சொல்வதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஜூனில் ஃபீனிக்ஸ் வேண்டாம். அங்கே ஜூன், ஜூலையில் 43 டிகிரி என்பது சாதாரணம். 2023-ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாள் தொடர்ந்து, ஒரு நாள் விடாமல் அந்த அளவைத் தொட்டது. "மதுரைக்காரன் பார்க்காத வெயிலா?" என்று அப்பா கேட்பார். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் மதுரைக்காரர்களை ஏமாற்றுவதே அந்த நினைப்புதான். நம் ஊர் வெயிலில் சட்டை முதுகில் ஒட்டும், நெற்றியில் வழியும், நாமே சொம்பைத் தேடிப் போய்விடுவோம். பாலைவனக் காற்றில் ஈரமே கிடையாது. வேர்வை தோலுக்கு வந்த நிமிஷமே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், போவது தெரியாது.

சில வருஷத்துக்கு முன்னால் திருமங்கலம் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அங்கே கூட்டிப் போயிருந்தேன். காலையிலிருந்து அவர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கு, "வியர்க்கவே இல்லையேப்பா, தாகம் எங்கேருந்து வரும்?" என்றார். மாலை நாலு மணிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் அப்படியே சரிந்துவிட்டார். பூங்கா ஊழியர்கள் வந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, நிழலில் படுக்கவைத்து ஒரு மணி நேரத்தில் தேற்றினார்கள். உண்மைக் காரணத்தை அன்று ராத்திரிதான் சொன்னார். தண்ணீர் குடித்தால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், அந்நிய ஊரில் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். அதிலிருந்து என் பயணத் திட்டங்களில் முதலில் குறிப்பது கழிப்பறை இருக்கும் இடங்களை. காட்சி முனைகள் அதற்கு அடுத்தபடி.

அப்பாவின் பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மாத்திரை கலந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கலந்திருந்தால் வறண்ட காற்றில் என்ன செய்வது, உப்புக் கரைசல் குடிக்கலாமா, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மாதம்? ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மழைக்காலம். மத்தியானத்தில் திடீரென்று இடி மின்னலோடு கொட்டும். தம்பி பட்டியலில் இருக்கிற ஆன்டிலோப் கேன்யன் போன்ற குறுகிய பாறை இடுக்குகளில் அது விளையாட்டில்லை. 1997 ஆகஸ்ட் 12-ல் பல மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் கீழ் ஆன்டிலோப்புக்குள் பாய்ந்து பதினோரு பயணிகள் இறந்தார்கள். ஏப்ரல், மே நல்ல மாதங்கள்தான். ஆனால் மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் இருக்கிற சமயத்தில் மதுரைப் பெரியவர்களை விமானத்தில் ஏற்றுகிற முயற்சியை நான் கைவிட்டு ரொம்ப நாளாகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்கின் விளிம்பில் பனி உறைந்து நடைபாதை வழுக்கும். மிச்சத்தில் நல்லது அக்டோபர். வெயில் தணிந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும், கூட்டமும் குறையும். கொலு வைக்கிற வீடென்றால் அதற்கு முன்னாலோ பின்னாலோ நகர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்து தூரம். தம்பியின் சுற்று கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய்விட்டு வருவதற்குச் சமம். அங்கே ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கும், அவனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் களைப்பு தெரியாது. பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பது அத்தை. ஆறு நாளில் ஐந்து இடம் என்றால் தினமும் பெட்டி கட்டுவது, தினமும் புதுப் படுக்கை, தினமும் புதுப் பாத்ரூம். முப்பத்தைந்து வயதுக்காரர் போட்ட திட்டம் என்று பார்த்ததுமே தெரிகிறது. அவனைக் குறை சொல்லவில்லை. அப்பா அம்மா ஒரே தடவைதான் வருவார்கள், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்கிற ஆசை. அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் போடுகிறார்கள்.

என் யோசனை: லாஸ் வேகாஸும் ஸையனும் இந்தத் தடவை வேண்டாம். மான்யுமென்ட் வேலியும் வேண்டாம் என்பேன். அங்கே பாறைகளைச் சுற்றிவரும் பதினேழு மைல் பாதை தார் போடாத மண் பாதை. தேய்ந்த முழங்காலும் இடுப்பும் உள்ளவர்களைக் குலுக்கி எடுத்துவிடும். கிராண்ட் கேன்யனை மட்டும் நடுவில் வைத்து, மற்றதை அதன் ஓரத்தில் தொங்கவிடுங்கள்.

ஏனென்றால் அது உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம். 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். வண்டியை விட்டு இறங்கி, பத்து போட்டோ எடுத்து, ஏறிப் போகிறவர்களுக்கு அது பெரிய பள்ளம், அவ்வளவுதான். ஒரே பெஞ்சில் மூன்று மணிக்கு உட்கார்ந்து ஆறு மணிக்கு எழுந்திருப்பவர்களுக்குத்தான் நிழல் ஏற ஏறப் பாறை ஒவ்வொன்றாகத் தனியே பிரிந்து எழுவது தெரியும். மத்தியானம் வெளுத்துக் கிடந்த சுவர், அந்தி வெளிச்சத்தில் செங்கல் சிவப்பாகி, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். பார்த்த இடங்களில் பெரியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. இளைஞர்களுக்குத்தான் உட்காரப் பொறுமை இருப்பதில்லை.

பாலைவனம் என்றதும் மணலும் அனலும்தான் மனசில் வரும். ஆனால் நீங்கள் போகப்போகிற தெற்கு விளிம்பின் உயரம் சுமார் 7,000 அடி. நம் கொடைக்கானலும் அதே உயரம்தான். சுற்றிலும் பைன் மரக் காடு. அக்டோபரில் பகல் 18 டிகிரி இருந்தால் விடியற்காலை 2 டிகிரிக்கு இறங்கும். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் வேண்டும். அந்த உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிது. மாடிப்படி ஏறினால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும், முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராது. அதனால் ஃபீனிக்ஸிலிருந்து ஒரே மூச்சில் ஏறாமல், வழியில் செடோனாவில் ஒரு ராத்திரி தங்குங்கள். 4,300 அடி உயரம், செம்மண் நிறப் பாறைக் குன்றுகள் ஊரைச் சுற்றி நிற்கும், பாதியைக் காரில் இருந்தே பார்க்கலாம். மறுநாள் மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். அங்கே மூன்று ராத்திரி, ஒரே அறை.

அத்தைக்கு வருகிறேன். "நான் வீட்டிலேயே இருக்கேன்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அனுபவத்தில் அதற்கு அர்த்தம், "என்னால உங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம்" என்பது. இடைஞ்சல் இல்லை என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். ஏற்பாட்டில் காட்ட வேண்டும். தெற்கு விளிம்பில் அதற்கு வசதி நிறையவே இருக்கிறது. பார்வையாளர் மையத்திலிருந்து மேதர் பாயின்ட் என்ற காட்சி முனை வரை சமதளப் பாதை, வீல்சேர் போகும். விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதையில் பெரும்பகுதி தார் போட்டது, இடையிடையே பெஞ்சு உண்டு. இலவச பஸ்கள் உண்டு, சாய்தளத்தில் வீல்சேரை ஏற்றுவார்கள். மேற்கே போகிற ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டிகளை விடமாட்டார்கள். ஆனால் நடக்க முடியாதவர் வண்டியில் இருந்தால் ஒரு அனுமதிச் சீட்டு தருவார்கள். காசு கிடையாது, நுழைவாயிலிலேயே கேட்டு வாங்கலாம். அதை முன் கண்ணாடியில் வைத்துவிட்டால் நம் காரிலேயே ஒவ்வொரு காட்சி முனைக்கும் போய் நிற்கலாம். ஆக, அத்தை வந்தால் உங்கள் எல்லோருக்கும் அந்தச் சாலை திறக்கும். இதை அவரிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள். மறுநாளே பெட்டி எடுத்து வைப்பார்.

இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். பள்ளத்தாக்கின் நடுவே நிற்கும் சிகரங்களுக்கு அங்கே விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயர் உண்டு. கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880-களில் அந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதியபோது, கோபுரம் போல் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்து இப்படிப் பெயர் வைக்கத் தொடங்கினார். பிறகு ராமர், கிருஷ்ணர் பெயர்களும் சேர்ந்தன. அடிமட்டத்தில் 170 கோடி வருஷத்துக்கும் மேல் பழமையான கருங்கல் அடுக்குக்கே விஷ்ணு பெயர்தான். கோயிலில் கருவறையும் இல்லை, குருக்களும் இல்லை. எல்லாம் பாறைதான். ஆனாலும் ஹோப்பி பாயின்ட்டிலிருந்து சிவன் கோயில் சிகரத்தைக் காட்டியபோது, நான் கூட்டிப் போன பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். மலை என்றால் முதலில் ஏறுவோம், களைத்தால் திரும்பி இறங்கிவிடுவோம். பள்ளத்தாக்கில் இது தலைகீழ். முதலில் இறக்கம், சுகமாக இருக்கும். களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும். இறங்கின நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்குப் பிடிக்கும். கீழே போகப் போகச் சூடும் கூடும். மேலே ஸ்வெட்டர் போடுகிற நாளில் ஆற்றங்கரையில் வெயில் காயும். ஆறு வரை இறங்கி ஒரே நாளில் ஏறுவதை இளைஞர்களுக்கே வேண்டாம் என்று பூங்காக்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். 74 வயதில், பிரஷர் மாத்திரையோடு, அந்தப் பேச்சே கிடையாது.

ஆனால் அவருடைய ஆசையைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். ஆற்றில் கால் நனைக்க வேறு வழி இருக்கிறது, பல பயணத் திட்டங்களில் இது விட்டுப்போகும். பள்ளத்தாக்கு தொடங்குகிற இடத்தில் லீஸ் ஃபெர்ரி என்று ஒரு துறை உண்டு. ரப்பர் படகில் கிராண்ட் கேன்யனுக்குள் போகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுவார்கள். கொலராடோ ஆற்றின் கரை வரைக்கும் தார் ரோடு போகிறது. காரை விட்டு இறங்கிச் சில தப்படி நடந்தால் தண்ணீர். மேலே இருக்கிற அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடுகிற தண்ணீர் என்பதால் ஐஸ் மாதிரி இருக்கும். இழுப்பும் உண்டு, கணுக்காலுக்கு மேல் இறங்கவிடாதீர்கள். கை பிடிக்கத் தம்பி பக்கத்தில் நிற்கட்டும். ஒரு கையில் செருப்பு, மறு கையில் வேட்டி நுனி என்று அப்பா நிற்கிற போட்டோவை எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நவஹோ பாலம். 1929-ல் கட்டிய பழைய பாலத்தை இப்போது நடப்பதற்கென்றே விட்டிருக்கிறார்கள். நடுவில் நின்றால் ஆறு 470 அடி கீழே ஓடுகிறது.

பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே டெசர்ட் வியூ வழியாக இறங்கி, கேமரன் தாண்டி, பேஜ் என்ற ஊருக்குப் போகிற வழியில் சற்று விலகினால் லீஸ் ஃபெர்ரி வரும். அதனால் ஐந்தாவது ராத்திரி பேஜ் ஊரில். அங்கே ஆறு குதிரை லாடம் போல் வளைகிற ஹார்ஸ்ஷூ பெண்ட் இருக்கிறது. கார் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் பாதை, வீல்சேர் தள்ளிப் போகிற மாதிரி சரிவைச் சீர்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் நிழல் கிடையாது, காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஆன்டிலோப்பில் கீழ்ப் பள்ளத்தாக்கில் செங்குத்தான இரும்பு ஏணிகள், அதனால் அத்தைக்கு அது ஆகாது. மேல் பள்ளத்தாக்கின் தரை சமமான மணல். ஆனாலும் திரும்புகிற வழியில் எத்தனை படி என்று முன்பதிவின்போதே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நவஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் இரண்டுக்குள்ளும் போக முடியாது. மறுநாள் ஃப்ளாக்ஸ்டாஃப் வழியாக ஃபீனிக்ஸ். மொத்தம் ஐந்து ராத்திரி, மூன்றே இடம்.

தம்பியிடம் சொல்ல இன்னொரு சேதி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 முதல் கட்டணம் கூடியிருக்கிறது. கிராண்ட் கேன்யன், ஸையன் உள்பட 11 பெரிய பூங்காக்களில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்தோடு 100 டாலர் கூடுதலாகத் தர வேண்டும். இல்லாவிட்டால் 250 டாலருக்கு வெளிநாட்டவருக்கான வருடப் பாஸ். எது லாபம் என்று அவனே கணக்குப் போடட்டும். முதியோர் பாஸ் என்று ஒன்று மலிவாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் மட்டும்தான்.

தங்கும் அறையைப் பூங்காவுக்குள்ளேயே பிடியுங்கள். விலை கூடத்தான். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து மறுபடியும் விளிம்புக்குப் போக முடியும், அதற்குக் கொடுக்கிற காசு அது. பதின்மூன்று மாதத்துக்கு முன்னாலேயே முன்பதிவு தொடங்கிவிடும், அக்டோபர் அறைகள் சீக்கிரம் போய்விடும். ரத்தாகிற அறைகளும் அவ்வப்போது வரும், தம்பி தினமும் ஒரு தடவை பார்க்கட்டும். வடக்கு விளிம்பு அமைதியாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அங்கிருந்த பழைய விடுதி 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோய்விட்டது.

பதிவு செய்யும்போது தரைத்தளம் என்று மட்டும் கேட்டால் போதாது. அமெரிக்க பாத்ரூம்களில் பாதி இடத்தில் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். அந்த விளிம்பு முழங்கால் உயரம், ஈரத்தில் வழுக்கும். பெரியவர்கள் விழுந்து அடிபடுவது அங்கேதான், பள்ளத்தாக்கின் ஓரத்தில் இல்லை. படியே இல்லாமல் உள்ளே நடந்து போகிற குளியலறையும் கைப்பிடியும் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிளாஸ்டிக் மக்கும் பெட்டியில் இருக்கட்டும், ஏன் என்று உங்களுக்கே தெரியும். வாடகை வண்டியும் அப்படித்தான். தம்பி உயரமான ஜீப் மாதிரி வண்டியைத்தான் பார்த்து வைத்திருப்பான். புடவை கட்டிக்கொண்டு அத்தை அதில் ஏற ஸ்டூல் போட வேண்டியிருக்கும். தளம் தாழ்ந்த, பக்கக் கதவு நகர்ந்து திறக்கிற மினிவேன்தான் சரி.

இப்போது அம்மா. எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்க, அவருக்கு மட்டும் இல்லாமல் போகாது. மற்ற மூவருக்கும் யார் சமைப்பது, என்ன சாப்பிடுவது, தன் ஊசியை எங்கே வைத்துப் போட்டுக்கொள்வது என்று அவர் மனசுக்குள்ளே ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது என் ஊகம். தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ஊசி பற்றி முதலில். மதுரைக்கும் அரிசோனாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நம் காலை எட்டு மணி அங்கே முந்தின நாள் ராத்திரி ஏழரை. விமானத்தில் போகிற நாளில் எந்த வேளை எவ்வளவு என்று டாக்டர் தாளில் எழுதித் தரட்டும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்க வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். நிறுத்தின காருக்குள் பத்து நிமிஷம்கூட விடக்கூடாது. விடுதி ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்தது வீண்.

சாப்பாட்டுக்கு ஃபீனிக்ஸிலேயே சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இங்கேயிருந்து தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. நம் குக்கர் அங்கே அரிசியை ஊறவைக்கும், வேகவைக்காது. அறையில் குக்கர் வைக்கலாமா என்று விடுதியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோகலாம், சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் என்று பறித்து வீசிவிடுவார்கள், அபராதமும் விழலாம். முக்கியமாக, இந்த ஐந்து நாளும் அம்மா அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று தம்பியிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். தயிர்சாதம் கிளற அவனுக்குத் தெரியாதா என்ன?

பயணக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம். மலிவான பாலிசிகள் பலவும், ஏற்கெனவே இருக்கிற பிரஷர், சர்க்கரையால் வருகிற பிரச்சினைக்குப் பணம் தராது. திடீரென்று தீவிரமானால் மட்டும் தருகிறவை உண்டு, 70 வயதுக்கு மேல் அந்தத் தொகையும் சுருங்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். பள்ளத்தாக்கு ஊரில் சிறிய கிளினிக்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு 130 கிலோமீட்டர் தள்ளி ஃப்ளாக்ஸ்டாஃப் போக வேண்டும்.

இத்தனையும் காகிதத்தில் சரிதான். உடம்பு என்ன சொல்கிறது என்பதற்கு நான் எப்போதும் வைக்கிற பரீட்சை ஒன்று இருக்கிறது. அறைக்குப் பணம் கட்டும் முன் எல்லோரையும் இரண்டு நாள் கொடைக்கானல் கூட்டிப் போங்கள். ஏரிக்கும் சாக்லேட் கடைக்கும் இல்லை, ஒத்திகைக்கு. உயரம் ஒன்றேதான் என்று சொன்னேன் இல்லையா? கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர், மலை விளிம்பை ஒட்டின பாதை, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தாக்கின் விளிம்பு நடைக்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல மாதிரி கிடையாது. அத்தை எத்தனை தடவை உட்கார்ந்தார், மூச்சு எப்படி, ஓரத்தில் நிற்கும்போது தலை சுற்றியதா என்று கவனியுங்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது வண்டியை எத்தனை தடவை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தச் சொல்லத் தயங்கினவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, டாக்டர் சரி என்றால், அப்பாவை வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாதையில் பாதி தூரம் மட்டும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். இறங்கினது எத்தனை நிமிஷம், ஏறினது எத்தனை நிமிஷம் என்று அவர் கைக்கடிகாரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் லீஸ் ஃபெர்ரி போதும் என்று அவரே சொல்வார். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

அங்கே போய்ச் சேர்ந்தபின் ஒரு ராத்திரியாவது சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போர்வையோடு வெளியே வாருங்கள். தெருவிளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்கிற பூங்கா அது, 2019-ல் அதற்கென்றே சர்வதேச அங்கீகாரம் வாங்கியிருக்கிறது. அக்டோபரில் ஒன்பது, பத்து மணிக்குக் கிழக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஏறியிருக்கும். ஊரில் சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்து எண்ணினது அத்தைக்கு ஞாபகம் இருக்கும்.

கொடைக்கானல் போய்வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்: அத்தை எத்தனை பெஞ்சில் உட்கார்ந்தார், அம்மா என்ன சொன்னார். அதை வைத்து செடோனாவில் ஒரு ராத்திரி போதுமா, இரண்டாக்க வேண்டுமா என்று பார்ப்போம்.